சிங்க்கில் கிடக்கும் முதல் தட்டு

நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் சண்டை பெரும்பாலும் சிங்க்கில்தான் ஆரம்பிக்கும். காலையில் ஒருவர் அவசரத்தில் ஒரு தட்டைப் போட்டுவிட்டுப் போவார். அது கிடக்கிறதே என்று அடுத்தவர் தன் டம்ளரை அதன்மேல் வைப்பார். சாயங்காலத்துக்குள் சிங்க் நிறைந்துவிடும். அப்போது எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. "என்னுது ஒரே ஒரு தட்டுதான்" என்று நாலு பேரும் சொல்வார்கள். நாலு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இதைப் பேசித் தீர்க்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பேச்சே இல்லாமல் தீரக்கூடிய விஷயம் இது. அலமாரியில் இருபது தட்டு இருந்தால் இருபதும் அழுக்காகும்வரை யாருக்கும் கழுவ வேண்டிய அவசியம் வராது. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், ஆளுக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டு, மிச்சத்தை ஒரு பெட்டியில் கட்டி மேலே ஏற்றிவிடுங்கள். நாலு பேர் வீட்டில் இனி சிங்க்கில் அதிகபட்சம் 16 உருப்படிதான் சேர முடியும். தன் தட்டைக் கழுவாதவருக்கு அடுத்த வேளை சாப்பிடத் தட்டு கிடையாது. யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை.

சமைக்கும் பாத்திரங்களுக்கு வேறு விதி வேண்டும், ஏனென்றால் அவை பொது. சமைத்தவர் சாப்பிட உட்காரும் முன்பே வாணலியைக் கழுவிவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது இரண்டு நிமிட வேலை அது. ஆறு மணி நேரம் காய்ந்த பிறகு அதையே ஊறவைத்து, சுரண்டி, மறுபடி ஊறவைக்க வேண்டிவரும். "ஊற வெச்சிருக்கேன்" என்பதுதான் இப்படிப்பட்ட வீடுகளில் அதிகம் புழங்கும் சாக்கு. அதற்கும் ஒரு அளவு சொல்லிவையுங்கள்: அரை மணி நேரம் ஊறலாம், ராத்திரி முழுக்க ஊறக் கூடாது.

இதற்குப் பிறகும் ஒருவர் பாத்திரம் கிடந்தால், அவர் பெயர் எழுதிய ஒரு டப்பை மேடைக்குக் கீழே வைத்து, இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கிடப்பதை அதில் எடுத்து வைத்துவிடலாம். சிங்க் மற்றவர்களுக்குக் காலியாகிவிடும். அழுக்குப் பாத்திரத்தை அவர் கட்டிலில் கொண்டுபோய் வைப்பது வேண்டாம். அதைச் செய்தால் அந்தக் கணமே பேச்சு பாத்திரத்தை விட்டு உங்கள்மேல் திரும்பிவிடும். நீங்களே கழுவி வைப்பதும் வேண்டாம். முதல் தடவை அது உதவி, மூன்றாவது தடவை அது உங்கள் வேலை.

எல்லா ஒத்துவராத ரூம்மேட்டும் ஒரே ரகம் இல்லை. மூன்று ரகம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. ஒருவர் மறதிக்காரர், சொன்னால் வருத்தப்படுவார், மூன்று நாள் ஒழுங்காக இருப்பார், நாலாம் நாள் பழைய கதை. அவருக்குப் பேச்சு பயன்படாது, நிறத் தட்டு மாதிரி ஒரு ஏற்பாடுதான் பயன்படும். இன்னொருவருக்கு எல்லைக்கோடே வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கண்ணுக்குக் குப்பையாகப் படுவது அவர் கண்ணுக்குப் படவே இல்லை. இவரிடம் "சுத்தமா வெச்சுக்கோ" என்றால் அவர் வைத்திருப்பதாகவே நினைப்பார். சுத்தம் என்றால் என்னென்ன என்று உருப்படி உருப்படியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது ரகம் சிரித்துக்கொண்டே "சரி சரி" என்பார், ஒன்றும் செய்யமாட்டார். அவரிடம் இரண்டு தடவைக்கு மேல் பேசுவது வீண். பிரிக்க முடிந்ததையெல்லாம் பிரித்துவிட்டு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். யார் எந்த ரகம் என்பது ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சங்கடமான சோதனை பாக்கி இருக்கிறது. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் கணவன் மனைவியரைத் தனித்தனியாகக் கேட்டார்கள்: வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு? பெரும்பாலான ஜோடிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்த வேலை நமக்கு உடம்பு வலியோடு ஞாபகம் இருக்கிறது. அடுத்தவர் குப்பையைக் கொண்டுபோய்ப் போடும்போது நாம் தூங்கிக்கொண்டிருந்தோம். ரூம்மேட் விஷயத்திலும் அப்படியேதான். ஆகவே புகாரைக் கிளப்பும் முன் பத்து நாள் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, அவ்வளவுதான். "சோம்பேறி", "திமிர்" மாதிரி சொற்கள் அதில் வரக் கூடாது. அவர் செய்த வேலைகளும் அதில் ஏற வேண்டும். பத்தாம் நாள் பார்த்தால் சில நேரம் புகாரே பாதியாகச் சுருங்கியிருக்கும். சுருங்காவிட்டால், பேச உட்காரும்போது கையில் பிடிமானம் இருக்கும்.

பேச உட்காருவது தனிக் கலை. நடந்து ஓரிரு நாளுக்குள் பேசிவிட வேண்டும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே நாளில் கொட்டினால், கேட்பவருக்கு உங்கள் கோபம் மட்டும்தான் காதில் விழும். அவர் செருப்பு மாட்டும்போது, பசியோடு உள்ளே நுழையும்போது, நண்பர்கள் இருக்கும்போது வேண்டாம். மூன்று பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பஞ்சாயத்தில் யாரும் தப்பை ஒத்துக்கொள்வதில்லை. ஒருவர் போதும், கால் மணி நேரம் போதும், ஒரு விஷயம் போதும்.

வாக்கியத்தில் நாலு சங்கதி இருக்கட்டும்: எப்போது, என்ன, அதனால் எனக்கு என்ன ஆனது, இனி என்ன வேண்டும். "நேத்து ராத்திரி பன்னெண்டரையிலேர்ந்து ஒன்றரை வரைக்கும் ஹால்ல போன் பேசிட்டு இருந்த. எனக்குத் தூக்கம் போயிடுச்சு, காலைல ஆறு மணிக்கு எழுந்திருக்கணும். பத்தரைக்கு மேல போன் வந்தா உன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டுப் பேச முடியுமா?" இதில் "எப்பவுமே" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால், அப்படி இல்லாத ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாடுவார். அவர் ஜெயித்தும் விடுவார்.

பெரும்பாலும் அடுத்த நிமிடம் உங்கள் குறை ஒன்று வெளியே வரும். "நீ மட்டும் என்ன, அன்னிக்கு அடுப்பைத் துடைக்காமலே போன." அங்கே சண்டைக்குப் போனால் முதல் விஷயம் தொலைந்தது. "அதுவும் சரிதான், அதை இன்னியிலேர்ந்து பாத்துக்கறேன். இப்ப போன் விஷயம் என்ன பண்ணலாம்?" என்று திரும்புங்கள். அடுப்பை நிஜமாகவே துடைக்கவும் வேண்டும். முடிவானதை அன்றே ஒற்றை வரியில் செய்தியாக அனுப்பிவையுங்கள்: "பேசினபடி பத்தரைக்கு மேல போன் ரூமுக்குள்ள. நன்றி." இந்தச் செய்தியின் உபயோகம் அவ்வளவுதான். சண்டையை அதில் தொடங்காதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டும் இதே கேஸ்தான். பெயரும் தேதியும் எழுத நல்லது, அறிவுரை எழுதினால் அது கத்தியது போலவே படிக்கப்படும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம். தூக்கம் கெட்டால் மனிதனுக்கு நியாய அநியாயம் தெரிவதில்லை. விதி எதுவாக இருந்தாலும் கண்ணால் பார்த்து, கடிகாரத்தால் அளக்க முடிய வேண்டும். "சத்தம் போடாதே" என்பது விதியே இல்லை. எது சத்தம் என்பதில்தானே தகராறு? "பத்தரைக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்ஃபோன்தான்" என்பது விதி.

அடுத்தது, சத்தம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பேச்சும் வீடியோவும் காற்று வழியாக வருபவை. அவற்றுக்குப் பெரிய வாசல் கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு. சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த ஒரு சென்டிமீட்டர் இடுக்கு அதைப் பாழாக்கிவிடும். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டலாம். இன்றைக்கே தீர்வு வேண்டுமென்றால் பழைய துண்டை இறுக்கிச் சுருட்டி இடுக்கில் வைக்கலாம். பாட்டின் அடித்தாளம், நாற்காலி இழுக்கும் சத்தம், மர மேசைமேல் அதிரும் போன் இதெல்லாம் தரை, சுவர் வழியாக வருபவை. இவற்றுக்குக் கதவை அடைத்துப் பயனில்லை. கிளம்பும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி, அடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ வைத்தால் கணிசமாகக் குறையும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் வில்லைகளை நீங்களே வாங்கி ஒட்டிக்கொடுங்கள். அதற்கு ஒரு விவாதம் நடத்தும் நேரத்தில் ஒட்டியே முடித்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள்ளும், திடீர்ச் சத்தம் 45 டெசிபலுக்குள்ளும் இருந்தால் தூக்கம் கெடாது என்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினாலே ஏறக்குறைய 60 டெசிபல். போன் செயலி காட்டுவது தோராயம்தான் என்றாலும், தலையணை இருக்கும் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். அதைவிட நல்ல வழி, ரூம்மேட்டை உங்கள் அறையில் உட்காரவைத்துவிட்டு, அவர் கேட்கும் அதே ஒலியளவில் ஹாலில் வீடியோவை ஓடவிடுவது. தன் சத்தம் அடுத்த அறையில் எப்படிக் கேட்கிறது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

நுரைக் காதடைப்பான் வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் அதைச் சரியாக வைப்பதில்லை. விரல்களால் உருட்டி மெல்லிசாக்கி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை 20 முதல் 30 விநாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடைக்கவில்லை என்று அர்த்தம். அலாரத்தை அஞ்சு தடவை தள்ளிப்போடும் ரூம்மேட் இருந்தால், போனை அவர் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். எழுந்து நடந்தவர் மறுபடி படுப்பது குறைவு. கையில் கட்டும் அதிர்வு அலாரம் இன்னும் நல்லது.

குளியலறையில் நேரம்தான் கணக்கு. நாலு பேர், ஆளுக்குக் கால் மணி என்றால் ஒரு மணி நேரம்; கடைசி ஆள் எட்டரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் முதல் ஆள் ஏழு மணிக்கு உள்ளே போயிருந்தால்தான் உடை மாற்றவும் நேரம் இருக்கும். யார் முதலில் கிளம்புகிறாரோ அவர் முதலில். அலங்காரம், சவரம், போன் எல்லாம் வெளியே. சாக்கடைத் துளைக்கு முடி வடிகட்டி போட்டு, குளித்தவரே முடியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும்; முடியும் சோப்பும் சேர்ந்து கெட்டிப்பதால்தான் அடைப்பு வருகிறது. ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். ஈரத் துண்டு தரையில் கிடப்பது வெறும் கண் உறுத்தல் இல்லை என்பதற்கு இதைச் சொல்லலாம்.

ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஓர் அடுக்கு. கதவுப் பகுதிதான் எப்போதும் தகராறு, அதையும் பிரித்துவிடுங்கள். பச்சை இறைச்சி மூடிய டப்பாவில், எல்லாவற்றுக்கும் கீழ் அடுக்கில். சமைத்த மிச்சத்தில் பெயரும் தேதியும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தாலும் மூன்று நாலு நாளுக்குமேல் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை தேதி தாண்டியதை எல்லோரும் இருக்கும்போதே எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் "என் டப்பாவை யார் தூக்கிப் போட்டது?" என்று அது வேறு. பொதுச் செலவில் பாத்திரச் சோப்பு, குப்பைப் பை, கழிவறை திரவம் மாதிரி யாரும் ஆசைப்பட்டு அதிகம் பயன்படுத்தாதவை மட்டும் இருக்கட்டும். சாப்பாட்டுப் பொருளைப் பொதுவாக்கினால், குறைவாகச் சாப்பிடுபவர் சீக்கிரமே கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.

பணத்தில் மென்மை காட்ட வேண்டாம். வாடகை ஒப்பந்தம் உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால், ரூம்மேட் கொடுக்காத பங்குக்கும் வீட்டுக்காரர் உங்களைத்தான் கேட்பார். எல்லோர் பெயரும் சேர்ந்திருக்கும் ஒப்பந்தத்திலும், பல நாடுகளில் முழுத் தொகையை எவரிடம் வேண்டுமானாலும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கட்ட வேண்டிய நாளுக்கு ஐந்து நாள் முன்பே வசூல் நாளை வையுங்கள். ஒரு தடவை அவர் பங்கை நீங்கள் போட்டுக் கட்டலாம். அடுத்த மாதமும் போட்டால் நீங்கள் அவருக்கு வங்கி.

மின்சாரம்தான் ஓசையில்லாமல் பகையை வளர்க்கும். ஒருவர் அறையில் மட்டும் 1,500 வாட் ஹீட்டர் தினமும் ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 9 யூனிட், மாதத்துக்கு 270 யூனிட். அதைச் சமமாகப் பங்கு போடுவது நியாயமே இல்லை. ஹீட்டர் மாதிரி ஒரே அளவில் இழுக்கும் சாதனத்துக்கு வாட்டை ஓடும் மணியால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். தானாக நின்று நின்று ஓடும் ஏசிக்கு இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும். அதற்குச் செருகி அளக்கும் மீட்டர் வாங்கி வைப்பது வாதத்தை முடித்துவிடும். பெரிய சாதனத்தின் யூனிட்டை வைத்திருப்பவரே கட்டட்டும், மீதி சமம்.

விருந்தாளி என்று வந்து வாரம் நாலு ராத்திரி தங்குபவர் விருந்தாளி இல்லை, வாடகை கொடுக்காத ஐந்தாவது ஆள். இதையும் ராத்திரிக் கணக்கில் பேசுங்கள்: வாரத்துக்கு இரண்டு, முந்தைய நாளே தகவல், சாவி கிடையாது. அதைத் தாண்டினால் அந்த மாதம் தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் ஐந்தாகப் பிரியும். ஆள் யார் என்ன என்ற பேச்சுக்குள் போகாதீர்கள்.

முறை போட்டுச் சுத்தம் செய்யும் அட்டவணையை எல்லோரும் ஒரு தடவை ஆசையாக எழுதி ஒட்டுவார்கள். மூன்றாவது வாரம் அது செத்துப்போகும். காரணம், ஒருவர் ஒரு வாரம் தவறினால் அடுத்தவர் இரண்டு வார அழுக்கைச் சுமக்க வேண்டும். அவர் ஏன் சுமப்பார்? அதைவிட மூன்று மாதத்துக்கு ஆளுக்கு ஓர் இடம் என்று கொடுத்துவிடலாம். குளியலறை ஒருவருக்கு, அடுப்பும் மேடையும் ஒருவருக்கு, ஹாலும் பெருக்கலும் ஒருவருக்கு, குப்பையும் பொதுப் பொருள் வாங்குவதும் ஒருவருக்கு. அழுக்காக இருந்தால் யார் என்று கேட்கவே தேவையில்லை. வேலை என்றால் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். குளியலறை என்றால் கழிவறைக் கோப்பை, தரை, வடிகட்டி, கண்ணாடி, குப்பைக் கூடை. வாரம் ஒரு தடவை, ஏறக்குறைய 25 நிமிடம்.

தவறினால் என்ன? எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர், 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர், பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம் மாதிரி பொதுச் சொத்துகளை ஊரார் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்தார். நீண்ட காலம் நிலைத்த இடங்களில் விதியைப் பயன்படுத்துபவர்களே சேர்ந்து போட்டிருந்தார்கள். தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறியது. வாடகை வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். முதல் தடவை ஒரு ஞாபகப்படுத்தல், இரண்டாவது தடவை மறுநாளுக்குள் முடிக்க வேண்டும், மூன்றாவது தடவை ஆள் வைத்துச் செய்து அந்தக் கூலியை அவர் கொடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெரிய அபராதம் வைத்தால் அதை யாரும் வசூலிக்கமாட்டார்கள். ஒரு தடவை வசூலிக்காமல் விட்டால் மற்ற விதிகளும் அதோடு போய்விடும்.

இவ்வளவும் சலிப்பூட்டும் பொறுப்பின்மைக்குத்தான். உங்கள் பொருளைத் திருடுவது, மிரட்டுவது, அனுமதியில்லாமல் அறைக்குள் நுழைவது, உடல்ரீதியாகத் தொல்லை கொடுப்பது இவையெல்லாம் ரூம்மேட் பிரச்சினை இல்லை. கால் மணி நேரப் பேச்சு, நிறத் தட்டு எதுவும் இதற்குக் கிடையாது. அறைக்குப் பூட்டு, நம்பிக்கையான ஒருவருக்குத் தகவல், நடந்ததைத் தேதியோடு எழுதிவைப்பது, வீட்டுக்காரர், தேவைப்பட்டால் அன்றே போலீஸ். வைஃபையை அணைப்பது, அவர் பொருளை ஒளிப்பது மாதிரி பழிவாங்கல்களை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள்; பின்னால் வீட்டுக்காரர் முன் நிற்க நேர்ந்தால் அவர் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

இரண்டு தடவை பேசி, ஒரு மாதம் ஏற்பாடும் செய்து பார்த்தும் நடக்கவில்லை என்றால் கிளம்புவதைப் பற்றி யோசிக்கலாம். ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, மாற்று ஆளை யார் கொண்டுவர வேண்டும், முன்பணம் யாருக்கு, எப்போது திரும்பும். முன்பணத்தை வீட்டுக்காரர் உங்களிடம் தராமல் புதிதாக வருபவர் உங்களுக்குத் தரும் ஏற்பாடாக இருந்தால், பணம் கைக்கு வரும்வரை உங்கள் பெயரை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஆனால் உங்கள் பெயர் அதில் இருக்கும்வரை வாடகைப் பொறுப்பும் கூடவே இருக்கும், அதனால் அதை இழுக்கவும் விடாதீர்கள். முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். கிளம்பும் நாளில் ஒவ்வொரு சுவரையும், மின் மீட்டரையும் படமெடுத்து, சாவி கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

அடுத்த வீட்டில் "சுத்தமா இருப்பீங்களா?" என்று கேட்காதீர்கள், யார்தான் இல்லை என்பார்கள்? கடைசியாகக் குளியலறையைக் கழுவியது யார், எப்போது என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணையும், போன மாதம் எத்தனை ராத்திரி வெளியாள் தங்கினார், மின்கட்டணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டைப் பார்க்கக் காலையில் போக வேண்டாம், உங்களுக்காக எல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய், குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழையுங்கள்.